கங்கப்பன் பலகையில் மிஞ்சிய உருவம்

மூக்கண்டப்பள்ளியில் கங்கப்பன் ஆணி அடிக்கத் தொடங்கினால் அத்திப்பள்ளி சோதனைச் சாவடியில் லாரிகள் தாமாகவே நின்றுவிடும் என்பார்கள். அது மிகை. நின்றவை நான்கே லாரிகள். அதிலும் ஒன்றுக்கு டீசல் தீர்ந்திருந்தது.

கங்கப்பன் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். கெலமங்கலம் பக்கம் கூலி வேலை செய்த குடும்பம். அவன் அப்பா முப்பது வருஷம் மண்வெட்டி பிடித்தவர். பிடித்த மண்வெட்டிகளில் ஒன்றுகூட அவருடையதில்லை. பொழுது சாய்ந்ததும் கழுவி நிலக்காரர் வீட்டில் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். அதனாலோ என்னவோ, கங்கப்பன் முதல் சம்பளத்திலிருந்தே மாதம் ஒரு சாமானாக வாங்கிச் சேர்த்தான். சுத்தியல், அரம், ஸ்பேனர், பைப் ரெஞ்சு என்று எல்லாம் வீட்டுக்குப் பின்னாலிருந்த தகர ஷெட்டில் ஒரு சாக்குப்பைக்குள் கிடந்தன. ஒன்று வேண்டுமென்றால் பையையே கவிழ்க்க வேண்டும். வாங்கிய நாளிலிருந்து ஒரு வாஷரைக்கூட அவன் யாருக்கும் கொடுத்ததில்லை.

எண்பதுகளின் நடுவில் அவன் வேலை செய்த இடத்தில் ஒரு பலகை மாட்டினார்கள். ஒவ்வொரு சாமானின் உருவமும் அதில் கறுப்புப் பெயின்டில் வரைந்திருந்தது. சாமான் தொங்கினால் உருவம் மறையும். யாராவது எடுத்துப்போனால் உருவம் மட்டும் நின்று காட்டிக்கொடுக்கும். கங்கப்பன் அதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றதில், அவன் ஒருவனுக்காகச் சாப்பாட்டு மணியை இரண்டாம் முறை அடித்தார்களாம்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஒரு ப்ளைவுட் பலகையும் ஒரு டப்பா கறுப்புப் பெயின்டும் வாங்கி வந்தான். பலகையை ஷெட் தரையில் போட்டு, மண்ணெண்ணெயில் துடைத்த சாமான்களை அதன் மேல் பரப்பினான். மறுநாள் அவன் மனைவி முனிலட்சுமி சந்தனம், குங்குமம் வைத்துச் சாமந்திப் பூவைக் கூடைக் கணக்கில் கொட்டினாள். அவளுடைய தம்பி ஆஞ்சப்பன், கெலமங்கலத்தில் வெல்டர், பூசணிக்காய் உடைத்துவிட்டுப் பொரியும் கடலையும் தின்றான்.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. கங்கப்பனுக்குக் கை அரித்தது.

"தொடத்தானே கூடாது? சுத்தி வரையலாமில்ல?" என்றான்.

"உங்க சாமி, உங்க பலகை. என்னமோ பண்ணுங்க" என்றாள் முனிலட்சுமி.

சாமான் ஒன்றையும், மேலே குவிந்த பூவையும் அசைக்காமல், மங்கிய வெளிச்சத்தில் ஒவ்வொன்றையும் சுற்றிப் பிரஷ்ஷால் வரைந்தான்.

விஜயதசமி காலை பலகையைச் சுவரில் நிறுத்தி, ஆணி அடித்து, ஒவ்வொரு சாமானாக மாட்டினான். சாமான்கள் முப்பது. உருவங்கள் முப்பத்தொன்று.

ஓரத்தில் ஒன்று காலியாக நின்றது. நீளமான வால், தட்டையான தலை, தலையைச் சுற்றிக் கொப்புளம் கொப்புளமாக ஏதோ. கங்கப்பன் சுத்தியலை வைத்துப் பார்த்தான், வால் போதவில்லை. பைப் ரெஞ்சை வைத்தான், தலை கொள்ளவில்லை. சாக்கை உதறினான். தகரத்தின் மேல் ஏறிப் பார்த்தான். தன்னிடம் இப்படி ஒரு சாமான் இருந்ததா என்பதே அவனுக்கு மறந்துவிட்டது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் சென்னம்மா எட்டிப் பார்த்தாள். அவள் பேச்சைத் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பவள்.

"ஏமி கங்கப்பா, எது காணோம்?"

"அதான் தெரியல."

"எது போச்சின்னே தெரியல. எடுத்தவன் மட்டும் தெரியுமா?"

அவள் கேலிக்குத்தான் கேட்டாள். கங்கப்பனுக்கு அது சுருக்கென்று பட்டது. நேற்று ஷெட்டுக்குள் வந்த வெளியாள் ஒருவன்தானே!

இருந்தாலும் நியாயமாக நடக்க நினைத்து, அந்த உருவத்தைச் செய்தித்தாளில் வெட்டி எடுத்துக்கொண்டு ஓசூர் இரும்புக்கடைகளில் விசாரித்தான். ஒருவர் டிராக்டர் சாமான் என்றார். இன்னொருவர் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது யானை பல் தேய்க்கிற பிரஷ், தேன்கனிக்கோட்டை யானைக்காட்டுப் பக்கம் கேட்டுப் பாருங்கள் என்றார். கங்கப்பன் பஸ் நிலையம்வரை போய்விட்டுத்தான் திரும்பினான்.

ஞாயிற்றுக்கிழமை ஆஞ்சப்பன் வந்தபோது நேராகவே கேட்டுவிட்டான்.

"பூஜையன்னிக்கு என்னத்தடா எடுத்துனு போன?"

"என்ன மாமா எடுத்தேன்?"

"அதைத்தான் உன்ன கேக்கறேன்."

"என்னன்னே தெரியாததுக்கு நான் திருடனா?" ஆஞ்சப்பன் முகம் கறுத்துவிட்டது. அக்கா கொடுத்த காப்பியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

வரும் வெள்ளிக்கிழமை மகள் ருக்மணிக்குக் காது குத்து. குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். முனிலட்சுமிக்குப் பிறந்த வீடென்று மிச்சமிருந்தது அந்தத் தம்பி ஒருவன்தான்.

"உன் தம்பியத் தவிர யாரும் உள்ள வரல. நீ ஏதாச்சும் எடுத்தியா?" என்றான் கங்கப்பன்.

"உங்க சாமானு ஒண்ணையும் நான் தொடல. தொடவும் மாட்டேன். வெள்ளிக்கிழமை புள்ளைய அந்தப் பலகை மேலயே உக்கார வெச்சுக் காது குத்துங்க" என்றவள், அதன் பிறகு அவனிடம் பேசவில்லை. தட்டை மட்டும் சத்தத்தோடு வைத்தாள்.

கங்கப்பன் நாலு நாள் வேலை விட்டு வந்ததும் ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தான். உருவத்தைப் பார்த்தால் திருடன் ஆஞ்சப்பன் என்று தோன்றியது. ஆஞ்சப்பனை நினைத்தால் உருவமே பொய் என்று தோன்றியது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆஞ்சப்பனே வந்தான். வாசலில் நின்றபடி ஒரு ரிங் ஸ்பேனரைத் தொப்பென்று தரையில் போட்டான்.

"இந்தா, பதினேழாம் நம்பர். போன தை மாசம் எடுத்தேன், குடுக்க மறந்துட்டேன். இதுக்குத்தான அந்தப் பேச்சு?"

கங்கப்பன் அதை எடுத்து உருவத்தின் மேல் வைத்தான். பொருந்தவில்லை. திருப்பி வைத்தான். அப்போதும் இல்லை.

"இது இல்லடா."

"இது இல்லியா?"

"இது போனதே எனக்குத் தெரியாது."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காணாமல் போனது கிடைக்கவில்லை. காணாமல் போகாதது கிடைத்திருக்கிறது. கங்கப்பன் தலையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

தம்பியின் குரல் கேட்டு முனிலட்சுமி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தவள் துடுப்பைக் கீழே வைக்கக்கூட மறந்திருந்தாள்.

"வந்துட்டியாடா? களி எறங்கப் போகுது, சாப்பிட்டுத்தான் போகணும்!"

ஆஞ்சப்பன் அக்காவைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்தான்.

"அக்கா, அப்படியே நில்லு."

துடுப்பை வாங்கிப் பலகையில் வைத்தான். வால் சரி. தலை சரி. கொப்புளங்கள் மட்டும் வெளியே துருத்தின.

"அது நான் போட்ட சாமந்தி" என்றாள் முனிலட்சுமி. "பூவோட சேத்து வரைஞ்சிருக்கீங்க."

"களி துடுப்பு ஆயுத பூஜைக்கு எப்படி வந்துச்சு?" என்றான் கங்கப்பன்.

"ஏன், என் ஆயுதம் இல்லியா அது? பொழுது விடிஞ்சதும் எடுத்துனு போயிட்டேன். நீங்க கேட்டது உங்க சாமானைப் பத்தி. இது என்னுது."

கங்கப்பனுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான். முப்பது இடமும் நிறைந்திருந்தது.

"மாப்ள, இதுக்குச் சுவத்துல எடமே இல்ல. நீயே வெச்சுக்கோ."

ஆஞ்சப்பன் அதைச் சட்டென்று வாங்கவில்லை. "அப்ப என்னைத் திருடன்னு கேட்டது?"

"அது துடுப்புக்குக் கேட்டது."

முனிலட்சுமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஆஞ்சப்பன் ஸ்பேனரை வாங்கி இடுப்பில் செருகினான்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு அக்கா?"

"எட்டுக்குள்ள வந்துடு. புள்ள அழுதா நீதான் சமாதானம் பண்ணணும்."