சொந்தப் படைப்பு என்ற கட்டம்

இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினேழு வருடமாக ஊசி பிடிப்பவள் அவள். அடுத்தவர் நரம்பைத் தேடும்போது நடுங்காத கை, அன்று மதியச் சாப்பாட்டு வேளையில் கைப்பேசியைப் பிடித்தபடி வெடவெடத்தது.

யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்றிருக்கும் கலைக்களஞ்சியத் தளம் ஒன்றில் அவள் அந்துப்பூச்சிகளைப் பற்றி எழுதிவந்தாள். அங்கிருந்துதான் செய்தி: 'நீங்கள் ஏற்றிய ஒன்பது படக் கோப்புகளுக்குள் கேமரா வேறொருவர் பெயரைப் பதித்திருக்கிறது. உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி ஏழு நாளில் வராவிட்டால் நீக்கப்படும்.'

அந்தப் பெயர் அவள் மாமனாரின் அண்ணனுடையது. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். 'சும்மா பாரு' என்று, தான் எடுத்த பூச்சிப் படங்களை அவர் கொடுத்திருந்தார். அவற்றை ஏற்றும்போது, 'சொந்தப் படைப்பு' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டாள். மற்றக் கட்டங்கள் கேள்விமேல் கேள்வி கேட்டன. அது ஒன்றுதான் பேசாமல் வழிவிட்டது.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். கூடத்தின் மேலாளர் கூப்பிட்டாலே, இதற்காகத்தானோ என்று நினைத்தாள்.

"உனக்கெல்லாம் போலீஸ் ஜீப்பு வராது. பூச்சி பிடிக்கிற வலையோட ரெண்டு பேர் வருவாங்க," என்று கணவன் சிரித்தான்.

"போலீஸ் கூடப் பரவாயில்லைங்க. பெரிய மாமாகிட்ட எப்படிப் போய்ச் சொல்றது?"

அவன் சிரிப்பும் நின்றது. கேட்காமல் தன் கேமரா லென்ஸைத் தொட்ட சொந்தத் தங்கை மகனோடு நாலு வருடம் பேசாத மனிதர் அவர்.

நாளைத் தள்ளித் தள்ளி, ஆறாம் நாள் அரை நாள் விடுப்பு போட்டு அவர் வீட்டுக்குப் போனாள். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் அனுமதிக் கடிதத்தின் மாதிரியை வாங்கி, கண்ணாடியை மாட்டி, வரிவரியாக விரலை ஓட்டிப் படித்தார்.

"ஏம்மா, யாரு வேணா எடுத்துக்கலாம்னு போட்டிருக்கே. வியாபாரத்துக்குமா?"

"ஆமா, பெரிய மாமா."

"பூச்சி மருந்து விக்கிறவன் டப்பாவில ஒட்டினா?"

'அப்படியெல்லாம் யாரு செய்யப் போறாங்க' என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. ஒரு பொய்யால் பட்ட பாடு போதாதா?

"ஒட்டலாம். அப்புறம் வேணாம்னு நீங்க திரும்ப வாங்கவும் முடியாது."

அவர் காகிதத்தை மடித்து, மறுபடி பிரித்தார். அவருக்கும் பயம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"பஸ் கண்ணாடியில அடிபட்டுப் பூச்சிங்க செத்ததைப் பாத்துத்தாம்மா படம் எடுக்கவே ஆரம்பிச்சேன். அதுங்களைக் கொல்ற மருந்து டப்பா மேலேயே என் படத்தைப் பாக்கணும்னா எனக்குத் தெம்பில்லை." காகிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "இப்ப அங்க யாரு பேரு இருக்கு?"

"என் பேரு."

அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"எட்டுப் படத்துக்கு அனுமதி தர்றேன். இந்த வெள்ளைப் பூச்சி மட்டும் வேணாம், நான் முதல்ல எடுத்தது. தள்ளு, நீ தொடாதே, நானே அனுப்புறேன்." தன் கைப்பேசியில் ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

வீட்டுக்கு வந்ததும், தான் டிக் அடித்தது தவறு என்று தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி எழுதினாள். இரண்டு நாள் பதிலே இல்லை. இரத்தம் எடுக்கும் இடைவெளியிலெல்லாம் தளத்தைத் திறந்து பார்த்தாள்.

மூன்றாம் நாள் வந்தது: 'அனுமதி கிடைத்தது. எட்டுப் படங்களும் இனி அவர் பெயரில் இருக்கும். ஒன்பதாவதை நீக்கிவிட்டோம்.' திட்டவில்லை. கீழே ஒரு வரி மட்டும்: 'நீங்கள் இதற்குமுன் ஏற்றிய இருநூற்றுப் பதினான்கு படங்களையும் சரிபார்க்கிறோம்.'

அவை அத்தனையும் அவளே எடுத்தவை. அதைச் சத்தியம் செய்து சொல்லவும் அவளுக்கு இப்போது வாய் வரவில்லை.