ரெஃப்ரி ஜெயபிரகாஷ் கைகளைக் குறுக்கே தூக்கிய மதியம்

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு நகம் வெட்டக் கூடாது என்று தெரிந்தும் ஜெயபிரகாஷ் அப்போதுதான் வெட்டுவார். ஜெர்சி சிட்டி அபார்ட்மென்டின் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, சதையோடு ஒட்ட, வலது கைக்கு மட்டும் இரண்டு தடவை. பிறகு ஒவ்வொரு விரலையும் கன்னத்தில் மெல்ல இழுத்துப் பார்ப்பார். எங்காவது கீறினால் மறுபடி தேய்ப்பார்.

"வியாழக்கிழமையே வெட்டித் தொலைச்சா என்ன?" மனைவி வான்மதி கதவுக்கு வெளியே நின்று கேட்பாள்.

"சனிக்கிழமைக்குள்ள முனை வந்துரும்மா."

"ஒரு நாள்ல அவ்ளோ வளருமா? உரம் போடறீங்களா நகத்துக்கு?"

வாரநாட்களில் அவர் ஒரு வங்கிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் கான்ட்ராக்டர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் மட்டும் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டைக்குள் புகுந்து, பக்கத்து ஊரான பேயோனில் நடக்கும் கில் வேன் ரெஸ்லிங் என்ற சின்ன மல்யுத்தக் குழுவின் ரெஃப்ரி ஆகிவிடுவார்.

பாய்லர் ரிப்பேர் செய்யும் ஸ்டான் என்பவர் 2009இல் ஆரம்பித்தது அது. மூடப்போன ஒரு பயிற்சிப் பள்ளியிலிருந்து பழைய மேடையை வாங்கித் தன் பாய்லர் வண்டியிலேயே ஏற்றிவந்தார். முதல் ஷோ சர்ச் ஒன்றின் கீழ்த்தளத்தில். பார்க்க வந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர், அதில் பதினோரு பேர் ஸ்டானின் சொந்தக்காரர்கள். பிறகு மூடிக்கிடந்த ஒரு பவுலிங் கூடத்துக்கு மாறினார்கள். கொரோனா வருஷம் கார் பார்க்கிங்கில் மேடை போட்டார்கள். ஜனங்கள் காருக்குள்ளேயே உட்கார்ந்து, கை தட்டுவதற்குப் பதில் ஹாரன் அடித்தார்கள்.

ஜெயபிரகாஷ் 2014இல் ஒரு சனிக்கிழமை வேறு போக்கிடம் இல்லாமல் உள்ளே போனவர். ஷோ முடிந்ததும் யாரும் கேட்காமலேயே நாற்காலிகளை மடக்கி அடுக்கினார். ஸ்டானுக்கு ஆளைப் பிடித்துவிட்டது. விசாவில் இருப்பவர் வெளியே சம்பளம் வாங்கக் கூடாது என்பதால் ரெஃப்ரி வேலையை இனாமாகவே செய்தார். ஷோ முடிந்து கொடுக்கும் பீட்ஸா துண்டு சம்பளக் கணக்கில் வருமா என்று வக்கீலுக்கு ஈமெயில் போட்டுக் கேட்ட மனுஷன் அவர். பதில் வரும்வரை மூன்று மாதம் வீட்டிலிருந்து தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனார்.

யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசிவைத்த ஆட்டம்தான். ஆனால் விழுவது நிஜம். அதனால் ரெஃப்ரியின் உண்மையான வேலை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி ஜெயித்தவனை அறிவிப்பதல்ல. விழுந்தவனிடம் மண்டியிட்டு, யாருக்கும் தெரியாமல், நகம் கீறாமல், அவன் கைக்குள் தன் கையை நுழைக்க வேண்டும். திருப்பி அழுத்தினால் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். அழுத்தாவிட்டால் ரெஃப்ரி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகத் தூக்குவார். அத்தோடு ஆட்டம் நின்றுவிடும். அப்புறம் நடிப்பு கிடையாது.

2017இல் ஜெயபிரகாஷ் ஒருமுறை அப்படித் தூக்கினார். விழுந்தவன் நடிப்பில் ஊறிப்போய் கையை அழுத்த மறந்திருந்தான். ஆம்புலன்ஸ் வந்து, ஷோ பாதியில் கலைந்தது. ஸ்டான் ஒரு மாதம் பேசவில்லை. உடை மாற்றும் அறையில் அன்றிலிருந்து ஜெயபிரகாஷின் பெயர் 'ஆம்புலன்ஸ்'.

எடிசனிலிருந்து நவநீத் வந்தது அதற்கு நான்கு வருஷம் கழித்து. இங்கேயே பிறந்த பையன், அப்போது இருபது வயது. தலைப்பாகை கட்டிக்கொண்டு மகாராஜாவாக வரச் சொன்னார் ஸ்டான். "ஐ'ம் ஃப்ரம் எடிசன், மேன்" என்று மறுத்து, எடிசன் எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்துக்கொண்டான். ஆட்டத்தின் நடுவே ஜெயபிரகாஷ் அவனிடம் தமிழில்தான் தகவல் சொல்வார். முன்வரிசைக்குப் புரியக் கூடாதே. "தம்பி, அஞ்சு நிமிஷம்தான் இருக்கு" என்பார். "காட் இட், அங்கிள்" என்பான் அவன். மூன்று வருஷத்தில் ஒரு தமிழ் வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததில்லை.

அவன் அம்மா ராஜலக்ஷ்மி பார்மசிஸ்ட். மகனைத் தானே கூட்டிவருவார், ஆனால் உள்ளே வரமாட்டார். பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்திருப்பார்.

"ஜேபி, நீங்க உள்ள நிக்கறீங்கன்னுதான் அனுப்பறேன்" என்றார் முதல் நாளே.

"நான் பாத்துக்கறேன்க்கா" என்று சொல்லிவிட்டார் ஜெயபிரகாஷ். அன்றிலிருந்து ஒவ்வொரு ஷோவுக்கும் அந்தக் கார் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேடை ஏறுவார்.

2024 மார்ச்சில் பதினைந்தாம் ஆண்டு ஷோ. ஒரு பெரிய மல்யுத்தக் கம்பெனியிலிருந்து நவநீத்தைப் பார்க்கவென்றே ஆள் வந்து இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பிடித்துவிட்டால் ஃபுளோரிடாவில் ட்ரையல். ஸ்டான் காலையிலேயே ஜெயபிரகாஷை ஓரமாகக் கூப்பிட்டு, "ஆம்புலன்ஸ், இன்னைக்கு மட்டும் கையைக் கீழே வச்சிரு. பையனோட வாழ்க்கை" என்றார்.

எதிராளி டெரெக், பள்ளி பஸ் ஓட்டுபவர், நூற்றிருபது கிலோ. ஒன்பதாவது நிமிஷம் நவநீத்தைத் தூக்கித் தன் தலைக்குப் பின்னால் எறிந்தார். நூறு முறை செய்து பழகியதுதான். முதுகு விழுந்தால் பலகை தொம்மென்று அதிரும். இந்த முறை அதற்கு ஒரு நொடி முன்னால், தலை தட்டிய மாதிரி டொக் என்று சின்னதாக ஒரு சத்தம். ஜனங்களுக்கு அது கேட்கவில்லை. அவர்கள் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

ஜெயபிரகாஷ் மண்டியிட்டு அவன் கைக்குள் கையை விட்டார். நவநீத் திருப்பி அழுத்தினான். நன்றாக, பலமாக. அவருக்கு மூச்சு வந்தது. கண்களைப் பார்த்தார். திறந்துதான் இருந்தன.

"தம்பி, ஓகேவா?"

"ஒண்ணுமில்ல மாமா" என்றான் நவநீத். "நா விழவே இல்ல. இன்னும் கொஞ்ச நேரம் விளையாடலாம்."

சுத்தமான தமிழ். குழந்தையின் தமிழ்.

திரைச்சீலை ஓரத்தில் நின்ற ஸ்டான் விரலைச் சுழற்றி, நடத்து என்றார். டெரெக் அடுத்த பாய்ச்சலுக்குக் கயிற்றருகே போய்க்கொண்டிருந்தார். கை சரியாகத்தான் சொல்கிறது. விதிப்படி நிறுத்தக் காரணமே இல்லை. தமிழில் பேசினான் என்பதற்காக நிறுத்தினேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? பார்க்கிங்கில் ஒரு கார் நிற்பது மட்டும் ஞாபகத்தில் இருந்தது.

எழுந்தார். கைகளைத் தலைக்கு மேல் குறுக்கே தூக்கினார்.

கூடம் முழுவதும் எதிர்ப்புக் காட்டி "பூ!" என்று இரைந்தது. நவநீத் குதித்து எழுந்து கைகளை விரித்தான். "வாட் த ஹெல்! ஐ'ம் குட்!" என்று ஆங்கிலத்தில் கத்திக்கொண்டே மேடையை நேர்கோட்டில் நடந்து காட்டினான். ஒரு தள்ளாட்டம் இல்லை. யாரோ பாப்கார்ன் டப்பாவை வீசினார்கள். இரண்டாம் வரிசைக்காரர் நோட்டை மூடிவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டார்.

"யூ கில்ட் மீ, அங்கிள்" என்றான் நவநீத், அறைக்குள் வந்து. அழுதிருந்தான்.

ராஜலக்ஷ்மி நேராக மகனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. ஆறு வாரம் தலையில் அடி படாமல் இருக்கட்டும், எதற்கும் ஜாக்கிரதைக்கு என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். அந்தக் கம்பெனி கனெக்டிகட் பையன் ஒருவனை எடுத்துக்கொண்டது. நவநீத் ஜெயபிரகாஷின் நம்பரை பிளாக் செய்தான். ஏப்ரல் ஷோவுக்கும் மே ஷோவுக்கும் ஸ்டானிடமிருந்து அழைப்பு இல்லை.

"நீங்க பண்ணது சரியா தப்பா?" என்று வான்மதி ஒருநாள் கேட்டாள்.

"தெரியலயே" என்றார். ரயிலில், மீட்டிங்கில், சாப்பிடும்போது, அந்தக் கை தன் கையை அழுத்திய பலத்தையே நினைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பலமாக அழுத்தியவனுக்கு என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் பெரும்பாலும் தோன்றியது.

ஜூனில் எடிசன் மளிகைக் கடையில் ராஜலக்ஷ்மியை எதிர்பாராமல் பார்த்தார். நழுவப் பார்த்தவரை அவர் தள்ளுவண்டியோடு மறித்துக்கொண்டார். நவநீத்துக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்றார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நடந்ததை அவனிடம் சொல்லவில்லை, சொன்னால் பயந்துவிடுவான் என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி அதைச் சொன்னார்.

நர்ஸ் வீட்டு முகவரி கேட்டபோது நவநீத் தயங்காமல், கதவு எண்ணோடு, ஜர்னல் ஸ்கொயரில் இருந்த ஒரு அபார்ட்மென்டைச் சொல்லியிருக்கிறான். அவனுக்கு ஐந்து வயதாகும்போது, அவன் தமிழ் மட்டுமே பேசிக்கொண்டிருந்த காலத்தில், அவர்கள் காலி செய்த வீடு அது.