அக்கா சுருட்டுக் குடிக்கிறாவாம்

கிளாஸ்கோவில் நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சின்னக் கூரை இருக்கிறது. அதன் கீழே, "இங்கே புகைக்காதீர்கள்" என்று ஆள் உயரத்துக்கு ஒரு அறிவித்தல் பலகை. அந்த ஊரில் மழை விடுவதே குறைவு. நனையாமல் நின்று சிகரெட் பத்துவதற்கு அதைவிட வசதியான இடம் அந்த வளவில் வேறில்லை. ஆகவே புகைப்பவர்கள் எல்லாரும் அந்தப் பலகையில் சாய்ந்துகொண்டுதான் நிற்பார்கள். ஆஸ்பத்திரிச் சட்டையோடு ஒரு கையில் சேலைன் கம்பி, மற்றக் கையில் சிகரெட். என்னைக் கண்டால் "மோர்னிங், டார்லிங்" என்பார்கள். நானும் திருப்பிச் சொல்லிவிட்டு மேலே போய்க் கதிரையில் இருந்து, இவர்களை எப்படிப் புகையை விடப்பண்ணுவது என்று ஆராய்ச்சி செய்வேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எங்கள் ஆராய்ச்சிக்குத் தலைவி ஐலீன். புகைத்தலை ஒழிப்பது பற்றி நாடு நாடாகப் போய்ப் பேசுகிறவர். மத்தியானத்தில் தன் காருக்குள் ஏறி, கண்ணாடியை உயர்த்திவிட்டு, மின்சிகரெட் இழுப்பார். கதவைத் திறந்தால் மாம்பழ வாசனை வரும். ஒருநாள் நான் கண்டுவிட்டேன் என்று தெரிந்ததும், "இது புகை இல்லை, வெறும் ஆவி" என்று விளக்கம் சொன்னார். மேலதிகாரி ஆவி என்றால் ஆவிதான். வயிற்றுப்பிழைப்புக்கு வந்த இடத்தில் அதற்கு மேல் என்ன கதைக்கிறது?

இந்த ஐலீனுக்குத்தான் யாழ்ப்பாணத்தைத் திருத்தும் எண்ணம் வந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய புகைகாரரைத் தேடிப்பிடிப்பது, அவர்களின் நெஞ்சை இலவசமாக ஸ்கான் செய்து புற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்பது, பிறகு மாதாமாதம் தொலைபேசியில் தமிழில் புத்திமதி சொல்லிப் புகையை விடவைப்பது. தமிழுக்கு நான் இருந்தேன். இருபத்தைந்து வருடமாக நான் எங்கிருந்து வந்தவள் என்று ஒருமுறையும் கேட்காத அந்த அலுவலகம், திடீரென்று என்னை "எங்கள் யாழ்ப்பாண நிபுணர்" என்று அழைக்கத் தொடங்கியது. ஒரு பெட்டி நிறைய ஊதும் கருவிகளைத் தந்து விமானம் ஏற்றிவிட்டார்கள்.

அந்தக் கருவி கைக்குள் அடங்கும். மூச்சைக் கொஞ்சநேரம் அடக்கிவிட்டு அதற்குள் மெல்ல ஊதவேண்டும். நெஞ்சுக்குள் புகை இருந்தால் சிவப்பு விளக்கு எரியும், இல்லாவிட்டால் பச்சை. ஸ்கொட்லாந்தில், புகைப்பதில்லை என்று பொய் சொன்னவர்கள் எல்லாரும் இந்தக் கருவிக்கு முன்னால் தலையைக் குனிந்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆகவே எனக்கும் அதன்மேல் ஒரு பக்தி.

கொடிகாமத்துக்குப் பக்கத்தில் என் சொந்த ஊரிலேயே முதல் முகாமை வைத்தேன். தங்கினது அக்கா வீட்டில். அக்காவுக்கும் எனக்கும் பதினொரு வயது வித்தியாசம். அம்மா என்னைப் பெற்ற கையோடு படுக்கையில் விழுந்துவிட, அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அடுப்படிக்குள் போனவர். இன்னும் வெளியே வரவில்லை. விடியற்காலையில் அவர் அடுப்பை மூட்டிவிட்டுத்தான் என்னைப் படிக்க எழுப்புவார். புகை எனக்கு ஆகாது என்று வீட்டின் மற்றத் தொங்கலில், யன்னலோரத்தில் மேசை போட்டுத் தந்தார். நான் அந்த மேசையிலிருந்து கிளாஸ்கோவுக்குப் போனேன். அக்கா தென்னம்பாளையும் பொச்சுமட்டையுமாக அடுப்புக்குள் தள்ளிக்கொண்டு அங்கேயே இருந்தார். நான் வாங்கிக்கொடுத்த காஸ் அடுப்பு, பூப்போட்ட துணியால் மூடி, குத்துவிளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் துணியை எடுத்துக் காட்டுவார்கள்.

"காஸிலை வைச்ச சோறு அத்தானுக்குச் செமிக்காது" என்றார் அக்கா.

"ஏன், அத்தான்ரை வயித்துக்கை போய் நிண்டு பார்த்தனீங்களோ?"

"சும்மா கிட. வந்து நிக்கிற கொஞ்ச நாளைக்கு வாயைக் காட்டாதை."

சொல்லி முடிக்க முதலே இருமல் வந்துவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இருமினார். எத்தனை மாதமாக என்று கேட்டால், பனி என்றார். பிறகு தூசி என்றார். கடைசியில், மல்லித்தண்ணி குடிக்கிறன், மாறிவிடும் என்றார். இருமலின் சத்தம் கேட்டே பயப்படும் வேலையில் இத்தனை வருடம் இருந்துவிட்டேன். "ரவுணுக்குப் போவம், நான் காசு தாறன், ஒரு ஸ்கான் எடுத்துப்பாப்பம்" என்று கெஞ்சினேன். அத்தான் வெத்திலையைக் குதப்பிக்கொண்டு, "உந்த இருமலுக்கு ஸ்கானோ? கான்சர் எண்டு ஊர் கதைக்கத் தொடங்கும்" என்றார். அக்காவும் தலையை ஆட்டினார். எங்கள் ஆட்களின் கணக்கே தனி. காசு கட்டிப் பார்த்தால் அது நோய். இலவசமாகப் பார்த்தால் அது பரிசோதனை. மற்றவருக்கு என்றால் நகையையும் அடகு வைப்பார்கள், தன் உடம்புக்கு என்றால் பனடோலோடு முடிந்தது.

முகாம் சனசமூக நிலையத்தில் நடந்தது. இலவசம் என்றதால் ஊரே வந்தது. ஆண்கள் முதலில் ஊதினார்கள். முதல்நாள் பின்னேரம் சுருட்டுப் பத்திவிட்டு இரவு நித்திரை கொண்டு எழும்பி வந்தவர்களுக்கெல்லாம் பச்சை. ஒரு இரவு போனால் கருவி பிடிக்கும் அளவுக்கு நெஞ்சில் புகை மிஞ்சாது. அத்தானுக்கும் பச்சை. அவர் வாயில் புகையிலை இல்லாத நேரம் என்றால் கோயிலில் கும்பிடும் நேரம் மட்டும்தான். ஆனால் புகையிலையைச் சப்பினால் புகை வராதே. ஏதோ பதக்கம் கிடைத்தவர் போல அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுவரோரம் கிடந்த நீட்டு வாங்கில் போய் இருந்தார்.

பிறகு பெண்கள் வந்தார்கள். காலைச் சமையலை முடித்துவிட்டு, சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே வந்தவர்கள். அக்கா கருவியை வாங்கி ஊதினார். காலமெல்லாம் ஊதுகுழலால் அடுப்பை ஊதிய ஆளுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? விளக்கு சிவப்பாகிவிட்டது. பக்கத்து வீட்டுக் கமலாக்கா ஊதினார், சிவப்பு. வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொடாத மனுசிகள் எல்லாரும் வரிசையாகச் சிவப்பு.

"என்னடி இது, சிவப்பாக் கிடக்கு?" என்றார் அக்கா.

அத்தான் வாங்கில் இருந்து தொடையில் தட்டினார். "இந்த வீட்டிலை ஆர் சுருட்டுப் பத்துறதெண்டு இப்ப விளங்குதோ? வெள்ளைக்காரன்ரை மெசின் பொய் சொல்லாது!"

ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அது அடுப்புப் புகை என்று நான் நின்று விளக்கம் கொடுத்தேன். விறகுப் புகையும் நெஞ்சுக்குள் அதே வேலையைத்தான் செய்யும் என்றேன். யார் கேட்டது? பின்னேரம் சந்தியில் தேங்காய் வாங்கப்போன என்னிடமே ஒருவர், "உங்கடை அக்கா சுருட்டுக் குடிக்கிறாவாம், மெய்யே?" என்று கேட்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

அன்றைக்கே ஐலீனுடன் திரையில் கதைத்தேன். எங்கள் பெண்களின் சிவப்பு விளக்குகளைக் கண்டு மனுசிக்குக் கண் மின்னியது. "ஒளித்துப் புகைக்கும் பெண்கள்! நான் எப்போதோ சந்தேகப்பட்டேன்" என்றார். இல்லை, இது சமையல் புகை என்றேன். "ஓ, பாபிக்யூவா?" என்றார். தினமும் மூன்று நேரமா என்று ஆச்சரியப்பட்டு, "எவ்வளவு அழகான பண்பாடு" என்றும் சொன்னார். அப்படியானால் இந்தப் பெண்களுக்கும் ஸ்கான் எடுக்கலாமா என்று கேட்டேன். உடனே முகம் மாறிவிட்டது. திட்டத்தில் சமையல் இல்லையாம். ஸ்கான் புகைப்பவருக்கு மட்டும்தானாம். "ஒரே கேள்விதான், அவர் புகைக்கிறாரா இல்லையா?" என்று கேட்டுவிட்டு, வாயருகே எதையோ கொண்டுபோனார். திரை முழுக்க ஆவி.

மறுநாள் காலை நான் மேசையில் இருக்க, அக்கா வந்தார். கோயிலுக்குக் கட்டும் சேலை, நெற்றியில் திருநீறு. முன்னால் நின்ற ஆண்கள் எல்லாரும் கேட்கும்படி சொன்னார்: "எழுது. நான் சுருட்டுக் குடிக்கிறனான்."

"அக்கா, பகிடி விடாதேங்கோ."

"ஆர் பகிடி விட்டது? குடிக்கிற ஆக்களுக்குத்தானே உந்த ஸ்கான்? எனக்குத் துப்பலிலை ரத்தம் வருது, பிள்ளை. ரண்டு மாசமா."

கடைசி வசனத்தை மட்டும் குனிந்து என் காதுக்குள் சொன்னார். பேனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தேன்.

"எத்தினை வயசிலை தொடங்கினனீங்கள்?"

"பதினொண்டு. அம்மா பாயிலை விழுந்த அண்டு."

"ஒரு நாளைக்கு எத்தினை தரம்?"

"மூண்டு. நீ வந்து நிக்கிறதாலை இப்ப அஞ்சு."

"விட முயற்சி செய்தனீங்களோ?"

"ஆரடி என்னை விட்டது?"

வாங்கில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. அத்தான் எழும்பி, "உனக்கென்ன விசரோ? என்ரை மானத்தை வாங்கிறியோ?" என்று சத்தம்போட்டார். அக்கா அவர் பக்கம் திரும்பவேயில்லை. "நேற்று மெசின் பொய் சொல்லாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றார். பின்னால் நின்ற கமலாக்கா என் மேசையைத் தட்டி, "எனக்கும் சுருட்டெண்டு போடு பிள்ளை, நாலைஞ்சு கூட்டியே போடு" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். நான் எல்லாவற்றையும் எழுதினேன். ஆராய்ச்சி அறத்தைப் பற்றி எனக்கு வகுப்பெடுக்க விரும்புகிறவர்கள், கண் எரியப் பச்சை மட்டையில் ஒரு பானை சோறு வடித்துவிட்டு வந்து எடுக்கட்டும்.

ஸ்கானில் அக்காவின் வலது சுவாசப்பைக்குள் ஒரு முடிச்சு தெரிந்தது. கொழும்புக்குக் கொண்டுபோய் அதில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். நேரத்துக்குக் கண்டுபிடித்தீர்கள், இனிப் புகைப் பக்கமே போகக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அந்த உயிருக்காக நான் இன்னும் நாலு பொய் எழுதுவேன். அக்கா உயிரோடு இருக்கிறார் என்ற சந்தோசத்தில் ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே நின்று அழுதேன். இனி விறகடுப்பு வேண்டாம் என்று அத்தானைக் கையைப் பிடித்துக் கேட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினேன். "நீ யோசியாதை, இனிமேல் காஸ்தான்" என்றார்.

கிளாஸ்கோவில் ஐலீன், யாழ்ப்பாணத்தின் மறைந்திருந்த புகைகாரிகளைப் பற்றிப் பெரிய கூட்டமொன்றில் பேசிக் கைதட்டு வாங்கினார். அந்தப் புகைகாரிகளுக்கு இப்போது மாதாமாதம் ஆலோசனை சொல்லவேண்டும். சொல்கிறவள் நான். எல்லா அழைப்பும் பதிவாகும். எழுதித் தந்த கேள்விகளைத் தவிர ஒரு சொல் கூடக் கேட்கக்கூடாது. போன கிழமை அக்காவின் முறை வந்தது.

"வணக்கம். நான் புகைத்தல் நிறுத்த ஆலோசனைச் சேவையிலிருந்து கதைக்கிறேன்."

"சொல்லுங்கோ" என்றார் அக்கா. குரலில் சிரிப்பு. பின்னால் ஏதோ வெடிக்கும் சத்தம் கேட்டது. காஸ் அடுப்பு அப்படிப் படபடவென்று வெடிக்காது. அது காய்ந்த பாளை.

"கடைசியாக எப்போது புகைத்தீர்கள்?"

"இப்ப."

தூரத்தில் அத்தானின் குரல்: "எடியே, தேத்தண்ணி என்னாச்சு?" அக்கா போனை விலக்கி, "கொதிக்குது" என்றார். பிறகு இருமினார். முந்திய இருமல் இல்லை, மெலிந்த இருமல். எனக்குக் கத்தவேண்டும் போல் இருந்தது. காஸ் அடுப்பை மூடின அந்தத் துணியை இழுத்து எறியுங்கோ அக்கா, அந்த மனுசனின் தலையில் தேத்தண்ணிக் கேத்திலைக் கவிழுங்கோ என்று சொல்லவேண்டும் போல் இருந்தது. பதிவு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் அடுத்த கேள்வியை வாசித்தேன்.

"இந்தப் பழக்கத்தை விடுவதற்கு உங்களுக்கு வீட்டில் உதவி செய்யக்கூடியவர் யாராவது இருக்கிறார்களா?"

அக்கா இன்னொரு பாளையை முறித்து அடுப்புக்குள் வைக்கும் சத்தம் கேட்டது.

"ஒருத்தி இருந்தவள்" என்றார். "அவள் உங்கை கிளாஸ்கோவிலை நிண்டு எனக்குப் போன் எடுக்கிறாள்."

திரையில் "ஆம்", "இல்லை" என்று இரண்டே இரண்டு பெட்டிகள்தான் இருந்தன. நான் "இல்லை" என்பதை அழுத்தினேன்.