ஆளுக்கொரு முதுகு

திண்டுக்கல் பேகம்பூரில் எனக்கு மாடியில் ஓர் அறை இருந்தது. கீழே தையல் கடை. அந்தக் கடையில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி நின்றது. நான் இன்சூரன்ஸ் ஏஜென்டாகப் பிழைத்ததற்கு அந்தக் கண்ணாடிக்குத்தான் முதலில் நன்றி சொல்ல வேண்டும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்து மூன்று வயது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு, குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக் காட்டில் மழையை எதிர்பார்த்து உட்கார முடியாது என்று திண்டுக்கல்லுக்கு வந்தவன். ஏஜென்டாகச் சேர்த்துக்கொண்டார்கள். மார்ச் முடிவதற்குள் பன்னிரண்டு பேரிடம் பாலிசி பிடிக்க வேண்டும், இல்லையென்றால் ஏஜென்சி போய்விடும் என்று மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஏஜென்சி போனால் நான் திரும்பவும் காட்டுக்குப் போக வேண்டும். ஊரில் அப்பா பஸ் கண்டக்டர் முதல் பலசரக்குக் கடைக்காரர் வரை எல்லோரிடமும், "நம்ம மகன் திண்டுக்கல்லுல ஆபீசுல இருக்கான்" என்று சொல்லி வைத்திருந்தார். அந்த வாக்கியத்தைக் காப்பாற்றுவதுதான் என் உத்தியோகம்.

மேனேஜர் எனக்கு ஓர் இங்கிலீஷ் புத்தகம் கொடுத்தார். பெரிய மனிதர்களைச் சந்திக்கும்போது எப்படி நடந்துகொள்வது என்று அதில் இருந்தது. நேராக நில், கண்ணைப் பார், புன்னகை செய், கையை அழுத்திக் குலுக்கு. நாலே கட்டளை. எழுதியவர் வத்தலக்குண்டு ரோட்டுப் பக்கம் வந்ததே இல்லை என்பது முதல் சந்திப்பிலேயே தெரிந்துபோயிற்று.

அந்த ரோட்டில் ஒரு பெரிய மனிதர் தென்னந்தோப்பு வைத்திருந்தார். அவர் முன்னால் போய் நேராக நின்று, கண்ணைப் பார்த்து, புன்னகை செய்து கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு வேலையாளைக் கூப்பிட்டு, "ஏலே, இந்தத் தம்பிக்கு என்னமோ வேணுமாம், கைய நீட்டுது பாரு" என்றார். அந்த ஆள் ஓர் இளநீரைச் சீவிக்கொண்டு வந்து நீட்டிய கையில் வைத்தான். நான் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அடுத்த முறை புத்தகத்தை அறையிலேயே வைத்துவிட்டுப் போனேன். செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே விட்டேன். முதுகை நன்றாக வளைத்து, ஒரு கையால் இன்னொரு முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று தடவை உட்காரச் சொன்ன பிறகு பெஞ்சின் விளிம்பில் பாதி உட்கார்ந்தேன். காபி டம்ளரை உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். அவர் முகம் மலர்ந்தது. "பரவால்ல, நல்ல பிள்ளைதான்" என்றார். கையெழுத்து மட்டும் போடவில்லை.

அதே வளைந்த முதுகை எடுத்துக்கொண்டு ஊருக்குள் ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் தலைமையாசிரியரிடம் போனேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என்ன தம்பி, கீழ ஏதாவது தொலைச்சிட்டீங்களா?"

"இல்லைங்க சார்."

"அப்போ நிமிர்ந்து நில்லுங்க. ஆண்டவர் முதுகெலும்பை எதுக்குக் கொடுத்தார்?"

அங்கே கப்பும் சாசரும். அண்ணாந்து குடித்தால் அநாகரிகம், உறிஞ்சினால் அதைவிட அநாகரிகம். நாற்காலியில் முழுசாக உட்கார வேண்டும், சாய்ந்துவிடக் கூடாது.

மூன்றாமவர் ஆயக்குடிக்காரர். கொய்யாத் தோப்பு வைத்திருந்தார். அவர் வீட்டு வாசலில் நிமிர்ந்து நின்றேன். அவருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. "ஏனுங்க நின்னுட்டே இருக்கறீங்க? நம்மூட்டுல உக்காரப் புடிக்கலீங்களா?" என்றார். அங்கே போனவுடன் கயிற்றுக் கட்டிலில் ஏறிக் கால் மடக்கி உட்கார வேண்டும். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு இரண்டு கொய்யாவாவது தின்ன வேண்டும். அவர் சொல்லும் எல்லாவற்றுக்கும் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். பாலிசி என்ற பேச்சை மூன்றாவது வருகைக்கு முன்னால் எடுத்தால் காரியம் கெட்டது.

இன்சூரன்ஸில் இன்னொரு சிக்கல் உண்டு. சாவைப் பற்றிப் பேசாமல் அதை விற்க முடியாது. தலைமையாசிரியர், "நான் செத்தா என்ன கிடைக்கும்?" என்று சந்தையில் கத்தரிக்காய் விசாரிப்பதுபோல விசாரிப்பார். தென்னந்தோப்புக்காரரிடம் அந்தச் சொல் வாயில் வரவே கூடாது. "காலம் போன பின்னாடி" என்று இழுத்து, கையைக் கொஞ்சம் அசைத்துக் காட்ட வேண்டும். அந்தக் கை தெற்குப் பக்கமாகப் போய்விடக் கூடாது. ஆகவே யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் திசை பார்த்துக்கொள்வேன்.

இவ்வளவையும் மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை என்று ஒரு நோட்டு போட்டேன். "தோப்பு: முழுக் குனிவு, பாதி பெஞ்சு, மெதுவான குரல். ஸ்கூல்: குனிவு இல்லை, கண்ணைப் பார்க்கவும். ஆயக்குடி: உடனே உட்காரவும், சிரிப்பு." தினமும் காலையில் தையல் கடைக் கண்ணாடிக்கு முன்னால் மூன்றையும் ஒரு தடவை செய்து பார்ப்பேன். தையல்கார பாய் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார். "நாங்க உடம்புக்குத் தக்கன சட்டை தைக்கிறோம். நீங்க ஆளுக்குத் தக்கன உடம்பத் தைக்கிறீங்க தம்பி" என்றார் ஒரு நாள். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

மார்ச் பிறந்தது. ஒன்பது பாலிசி முடிந்திருந்தது. பாக்கி மூன்று. அந்த மூன்றும் இந்த மூன்று பேர்தான். மூவரும் "பாப்போம்" என்ற இடத்தில் நின்றார்கள்.

அப்போதுதான் மேனேஜர் ஒரு டீ பார்ட்டி வைத்தார். ஏஜென்டுகள் ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த முக்கியஸ்தர்களை அழைத்துவர வேண்டும், எல்லோரும் ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும், தொழில் அப்படித்தான் வளரும் என்றார். என் மூன்று முக்கியஸ்தர்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளாமல் இருப்பதில்தான் என் தொழிலே இருந்தது.

இருந்தாலும் ஒரு நம்பிக்கை. தலைமையாசிரியர் எதற்கும் அரைமணி முன்னால் வருவார், முன்னாலேயே போய்விடுவார். ஆயக்குடிக்காரர் பஸ் வந்தால் வருவார். தோப்புக்காரர் எந்த விசேஷத்துக்கும் ஒரு மணி நேரம் தாமதமாகப் போவதைக் கௌரவமாக வைத்திருந்தார். இடையிடையே முதுகை மாற்றிக்கொள்ள நேரம் இருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

மலைக்கோட்டைக்குப் போகிற வழியில் ஒரு மண்டபம். தலைமையாசிரியர் வந்தார். நிமிர்ந்து நின்று வரவேற்றேன். அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. தோப்புக்காரரை அழைத்துவர மேனேஜரே கார் அனுப்பியிருக்கிறார். அவர் இறங்கும்போதே பின்னால் ஒரு கூடைக் கொய்யாவோடு ஆயக்குடிக்காரர் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தார். இரண்டு நிமிஷத்தில் மூன்று பேரும் ஜாங்கிரித் தட்டோடு என் முன்னால் வட்டமாக நின்றார்கள்.

என் உடம்பு தானாக ஒரு முடிவுக்கு வந்தது. இடுப்பு தோப்புக்காரருக்காக வளைந்தது. கழுத்து தலைமையாசிரியருக்காக நிமிர்ந்தது. வாய் ஆயக்குடிக்காரருக்காகச் சிரித்தது. அந்தக் கோலத்தில் அசையாமல் நின்றேன்.

தலைமையாசிரியர்தான் ஆரம்பித்தார். "ஏன் தம்பி இப்படி நிக்கிறீங்க? என்கிட்ட இப்படி நின்னதில்லையே."

"எங்கிட்ட எப்பவும் இப்படித்தான நிப்பான்" என்றார் தோப்புக்காரர். "உங்ககிட்ட எப்படி நிப்பான்?"

"நம்மூட்டுக்கு வந்தா நிக்கவே மாட்டாருங்க. பொசுக்குனு கட்டில்ல ஏறி உக்காந்துக்குவாரு" என்றார் ஆயக்குடிக்காரர், எனக்கு நல்லது செய்வதாக நினைத்து.

தோப்புக்காரரின் பார்வை என் முகத்திலிருந்து கொய்யாக்காரரின் முகத்துக்குப் போய்த் திரும்பியது. தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போதாததற்கு மேனேஜரும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். மூன்று பாலிசியும் ஜாங்கிரித் தட்டோடு திரும்பிப் போவது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. காட்டில் அந்த வருஷம் என்ன விதைப்பார்கள் என்றுகூட யோசித்துவிட்டேன்.

"என்னப்பு, முதுகு புடிச்சுக்கிச்சா? வலியோட எதுக்கு நிக்கிற? செத்த நேரம் உக்காரு."

குரல் வாசல் பக்கமிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தேன். அப்பா. முழங்காலுக்கு மேலே கட்டிய வேட்டி, செம்மண் படிந்த கால், கையில் ஒரு மஞ்சள் பை. அறை பூட்டியிருந்ததால் தையல்கார பாய் இங்கே அனுப்பியிருக்கிறார்.

"ஆமா, புடிச்சுக்கிச்சு" என்றேன்.

அவ்வளவுதான், மூன்று பேருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. "அப்போ என்கிட்ட வலியைப் பொறுத்துக்கிட்டா நிமிர்ந்து நின்னீங்க?" என்று தலைமையாசிரியர் உருகினார். "அதானுங்க வந்ததும் கட்டில்ல உக்காந்துக்கறது" என்றார் ஆயக்குடிக்காரர். தோப்புக்காரருக்கு மட்டும் சின்ன ஏமாற்றம். "மரியாதைன்னுல நெனச்சேன், வலியா அது?" என்றவர், தன் கையாலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரப்பா மொதல்ல" என்றார். அவருக்கு முன்னால் நான் முழுசாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

மேனேஜர் கேட்டார், "யாரு இவரு?"

எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் அப்பு என்று கூப்பிடலாம். அதைக் கேட்டு உறவு கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சௌகரியத்தை நான் பயன்படுத்திக்கொண்டேன்.

"ஊர்லேர்ந்து வந்திருக்காரு சார்."

பொய் சொல்லவில்லை. ஊரிலிருந்துதான் வந்திருந்தார். அந்தக் காலையும் வேட்டியையும் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. இதற்கு வேறு கௌரவமான சொல் உண்டா என்று இத்தனை வருஷமாகத் தேடுகிறேன், அகப்படவில்லை.

கூட்டம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அப்பா வாசல் தூணுக்குப் பக்கத்தில் நின்றார். தரை பளபளவென்று இருந்ததால் பையைக் கீழே வைக்க அவருக்கு மனம் வரவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். யாராவது "நீங்க யாருங்க?" என்று கேட்டபோதெல்லாம், "நம்ம ஊருப் பையன், பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்" என்று என் பொய்க்குப் பொருத்தமாகவே சொன்னார். அவருக்கு ஒரு ஜாங்கிரி எடுத்துக் கொடுத்தது ஆயக்குடிக்காரர், நான் இல்லை. முடிந்ததும் பையை என்னிடம் நீட்டி, "மொச்சை. அவிச்சுச் சோத்துக்கு வெஞ்சனமா வச்சுக்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு, நான் வாரேன்" என்று போய்விட்டார்.

நாலாவது நாள் பஸ் கண்டக்டர் ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். முதுகுக்குத் தேய்க்கிற எண்ணெய், அப்பா காய்ச்சி அனுப்பியது. பாட்டிலில் பாதிதான் இருந்தது. கண்டக்டர் வழியில் கொட்டிவிட்டதாகச் சந்தேகப்பட்டு அவரை முறைத்தேன். பாவம், அப்பா வெள்ளந்தியாக என் தொழில் குனிவை வலி என்று நம்பிவிட்டார் என்று தையல்கார பாயிடம் சொல்லிச் சிரித்தேன். பாய் சிரிக்கவில்லை.

இருந்தாலும் எண்ணெய் வீணாகக் கூடாதென்று தேய்த்துக்கொண்டு போனேன். தெருமுனை வரை வாசம் அடித்தது. தோப்புக்காரர் மூக்கைச் சுருக்கி, "இன்னும் வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மற்ற இருவரும் அந்த வாரமே போட்டார்கள். பன்னிரண்டு முடிந்தது. அதற்குப் பிறகு நான் முதுகு வலி ஏஜென்ட் என்றே பெயர் வாங்கினேன். போகிற இடத்திலெல்லாம் முதலில் நாற்காலி வந்தது. எவ்வளவு குனிவது என்று நோட்டைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

நாலைந்து வருஷம் கழித்து, ஏஜென்சி நிலைத்து, கையில் வாட்சும் வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். அப்பா வாசலில் நின்று கடலைக்கொடி உதறிக்கொண்டிருந்தார். நான் கட்டிலில் கால் மடக்கி உட்கார்ந்து, அவருடைய அப்பாவித்தனத்தை அவரிடமே சொல்லிச் சிரிக்கலாம் என்று ஆரம்பித்தேன்.

"அன்னைக்கு மண்டபத்துல எனக்கு முதுகு வலியே இல்லப்பா."

"தெரியும்" என்றார், கொடியை உதறிக்கொண்டே.

"தெரிஞ்சா எண்ணெய் எதுக்குக் குடுத்து விட்டீங்க?"

"வலின்னு சொல்லிப்புட்டேனே. நாலு நாளைக்காச்சும் எண்ணெய் வாசம் அடிக்க வேணாமா? இல்லாட்டி யாரு நம்புவா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று, "கண்டக்டர் பாதியக் கொட்டிட்டான்" என்றேன்.

"அவன் கொட்டல. பாதிய நான் வச்சுக்கிட்டேன்" என்றார் அப்பா. "நானும் அன்னைக்கு ரொம்ப நேரம் நின்னேன்ல."

அப்போதும் அவர் நின்றுகொண்டுதான் இருந்தார், நான் உட்கார்ந்திருந்தேன். சட்டென்று எழுந்துவிட்டேன். அவர் முன்னால் எப்படி நிற்பது என்று என் நோட்டில் ஒரு வரியும் இல்லை.