மாமா நிரப்பிய கதிரைகள்

என் சின்ன மாமா ஒரு லோயர் கந்தோரைப் பெருப்பிக்கத் திட்டம் போட்டபோது எனக்குப் பத்து வயது. மாமா லோயர் அல்ல. யாழ்ப்பாணத்தில் ஒரு புடைவைக்கடையில் துணி வெட்டிக் கொடுத்தவர். சுவிஸில் பேர்ணுக்கு வந்து ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோதே டொச் என்கிற ஜேர்மன் மொழியை எப்படியோ பிடித்துக்கொண்டார். அந்த மொழி அவரை அடுப்படியில் இருந்து கந்தோருக்குக் கூட்டிச் சென்றது. எங்களுடைய ஆட்களின் அகதி வழக்குகளைப் பார்த்துவந்த ஒரு சுவிஸ் பெண்ணிடம் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தார்.

அந்தக் கந்தோர் இன்றைக்கும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறது. இப்போது இரண்டு மாடிகள் அவர்களுடையவை. வாசலில் ஒரு வரிசை பெயர்கள். நான் வேலைக்குப் போகும் பஸ் அதைக் கடந்துதான் போகும். அன்றைக்கு அங்கே இருந்தது ஒரு அறை, அதற்கு முன்னால் ஆட்கள் காத்திருக்க இன்னொரு சிறிய அறை, ஒரு பூச்சாடி, மாமாவுக்கென்று ஒரு மேசை, அவ்வளவுதான்.

அந்தச் சுவிஸ் பெண்ணை நாங்கள் வீட்டில் லோயர் அம்மா என்று சொல்வோம். அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயதுகூட இருந்திருக்காது. சைக்கிளில் வருவார். வழக்கு விசாரணைக்கு அவர் போனால் மாமாவும் கூடப் போகவேண்டும். அப்போது கந்தோர் பூட்டியிருக்கும், உள்ளே தொலைபேசி தன்பாட்டில் அடித்துக்கொண்டிருக்கும். தோற்ற வழக்குகள் திரும்பத் திரும்ப வந்தன. வென்றவர்கள் ஒரு பெட்டி லட்டோடு வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பிறகு அந்தப் பக்கம் தலை வைத்தும் படுப்பதில்லை. நாட்டில் இருக்கப் பெர்மிற் கிடைத்தவனுக்கு இனி லோயர் எதற்கு என்று அவர்கள் நினைத்தார்கள். லோயர் அம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தார் போலும்.

மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை அவர் பூம்ப்ளிஸில் இருந்த எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அம்மாவின் கறியைக் கண்ணீர் வழியச் சாப்பிட்டு முடித்துவிட்டு, கொண்டுவந்த பெரிய தாளை நிலத்தில் விரித்து, நிறப் பேனைகளால் வட்டங்கள் போட்டார். நான் அது ஏதோ விளையாட்டு என்று பக்கத்தில் போய்க் குந்தினேன். மாமா வட்டங்களைத் தமிழாக்கினார். கந்தோருக்கு இன்னொரு லோயர் வேண்டும். ஒரு பெரிய நிறுவனத்தில் வயது போன லோயர் ஒருவர் இருக்கிறார். வேலைப் பிரச்சினை, வாடகைப் பிரச்சினை, விபத்து எல்லாம் பார்ப்பவர். அந்த நிறுவனம் அவருக்கு அலுத்துவிட்டது. அவர் வந்து சேர்ந்தால் வாடகை பாதியாகும், ஒருவர் வெளியே போனால் மற்றவர் இருப்பார், வேறு வேறு வழக்குகளும் வரும். அவர் வராவிட்டால் கோடையோடு கதவைச் சாத்திவிட்டு லோயர் அம்மா தூண் நகரத்தில் தன் தமையனின் கந்தோருக்குப் போய்விடுவார்.

ஒவ்வொருவரும் என்ன கொண்டுவரலாம் என்று யோசியுங்கள், இதைச் சேர்ந்துதான் செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் ஏறினார்.

அவர் போன பிறகு அப்பா, "அப்ப நீர் திரும்பவும் கோப்பையோ?" என்று கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். மாமா சிரிக்கவில்லை. அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். தம்பி கந்தோரில் மேசை போட்டு வேலை செய்கிறான் என்பதில் அம்மாவுக்கு அவ்வளவு பெருமை. தம்பி என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். அம்மா வேலை செய்தது ஒரு சலவைத் தொழிற்சாலையில். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைச் சூட்டு இயந்திரத்துக்குள் கொடுத்து எடுக்கும் வேலை. அதைப் பற்றி அம்மா யாருக்கும் ஒன்றும் சொன்னதில்லை.

மாமா ஒரு கிழமை முழுக்க யோசித்தார். அவருக்குத் தெரிந்த வியாபாரம் புடைவைக்கடைதான். அங்கே புதுச் சரக்கு வந்த நாட்களில் முதலாளி தன் சொந்தக்காரரை எல்லாம் கூப்பிட்டுக் கடைக்குள் விடுவாராம். அவர்கள் ஒன்றும் வாங்காமல் துணியைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். ரோட்டால் போகிறவர்கள் கூட்டத்தைக் கண்டு உள்ளே வருவார்கள்.

"ஆக்கள் இல்லாத கடைக்குள்ள ஆர் அத்தான் வருவினம்?" என்று மாமா அப்பாவிடம் சொன்னார். "அந்த மனுசன் வந்து பாக்கேக்க இருக்க இடம் இருக்கக்கூடாது."

அந்த வயது போன பெரிய லோயர், கந்தோரைப் பார்க்க வருவதாகச் சொன்னது ஒரு புதன்கிழமை பின்னேரம். புதன் பின்னேரம் எங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. லோயர் அம்மா அமைதியாக இருந்து கதைக்கவேண்டும் என்பதற்காக அன்றைக்கு யாருக்கும் நேரம் கொடுக்காமல் விட்டிருந்தார். பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். முன்னறையில் மாமா தன் வேலையைக் காட்டினார்.

எங்கள் கட்டடத்திலும் பக்கத்துக் கட்டடத்திலும் அன்றைக்கு வேலையில்லாத தமிழர் எல்லோரும் வந்திருந்தோம். அப்பா கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு அன்ரி, மாமாவின் பழைய உணவகத்துச் சமையல்காரர், இரவு வேலை முடித்து நித்திரை கொள்ளாமல் வந்து கண் சொருகிக்கொண்டிருந்த இரண்டு அண்ணைமார். கதிரை போதாமல் மாமா எங்கிருந்தோ மடக்குக் கதிரைகள் கொண்டுவந்து போட்டிருந்தார். யாரும் சிரிக்கக்கூடாது, யோசனையாக இருக்கவேண்டும், கைக்கடிகாரத்தைப் பார்க்கலாம் என்றெல்லாம் மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். சமையல்காரர், தான் எந்த வழக்கு என்று கேட்டார். "நீங்கள் சும்மா கவலையா இருங்கோ அண்ணை, அது காணும்" என்றார் மாமா.

அம்மா மூலையில் இருந்தார். அவருடைய வலக்கையில் இரண்டு விரல்களுக்குத் துணி சுற்றியிருந்தது. கட்டடத்தின் அடியில் சாமான் வைக்கும் கெல்லர் அறைக் கதவு நசித்தது என்று வீட்டில் சொல்லியிருந்தார். அப்பா அடுத்த நாளே அந்தக் கதவின் விளிம்பு முழுக்கப் பஞ்சு வைத்து ஒட்டி, கட்டடத்தைப் பார்ப்பவரிடம் பேச்சும் வாங்கியிருந்தார். மாமா அம்மாவிடம் வந்து குனிந்து, "அக்கா, கையை மடியில வையுங்கோ. கட்டு வடிவாத் தெரியட்டும்" என்றார். அம்மா கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

பெரிய லோயர் சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்தார். உயரமான, வெள்ளை மீசைக்காரர். கதவைத் திறந்ததும், இந்த நாட்டு வழக்கப்படி அறையில் இருந்த எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொன்னார். நாங்கள் எல்லோரும் ஒன்றாக எழுந்து நின்றோம். மாமா அதைச் சொல்லித் தரவில்லை. வயது போன பெரியவர் உள்ளே வந்தால் எழும்பாமல் இருக்க எங்கள் ஆட்களுக்கு வராது. அவர் திடுக்கிட்டு, தனக்குப் பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

சத்தம் கேட்டு லோயர் அம்மா வெளியே வந்தார். அவருடைய முகம் கழுத்துவரை சிவந்ததை நான் பார்த்தேன். இவர்கள் எல்லோருக்கும் எத்தனை மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறீர்கள் என்று பெரிய லோயர் கேட்டார். தான் யாருக்கும் கொடுக்கவில்லை என்று லோயர் அம்மா சொன்னார். பொய் சொல்ல அவருக்குத் தெரியாது. மாமா இடையில் புகுந்து, தினமும் இப்படித்தான், இதைவிடக் கூட்டமும் இருக்கும், மத்தியானத்தில் இருந்து ஆட்கள் காத்திருப்பார்கள் என்று தன்னுடைய நல்ல டொச்சில் சொன்னார்.

அவர் அப்படியா என்று சந்தோசப்படுவார் என மாமா எதிர்பார்த்திருக்கவேண்டும். மீசைக்காரரின் முகம் இறுகியது. இவ்வளவு பேரை இவ்வளவு நேரம் காக்கவைக்கும் கந்தோரில் ஏதோ பிழை இருக்கிறது என்றார். ஆட்களின் நேரத்தைத் திட்டமிடத் தெரியாதவர்கள் அவர்களுடைய வழக்கை எப்படித் திட்டமிடுவார்கள் என்று கேட்டார். கோபமாகச் சொல்லவில்லை, கவலையாகச் சொன்னார். அதுதான் இன்னும் மோசம். கழற்றிக்கொண்டிருந்த மேல்கோட்டைத் திரும்பவும் தோளில் போட்டார்.

மாமாவின் வாய் திறந்தபடி இருந்தது. நான் மாமாவை அப்படி அதற்கு முதல் கண்டதில்லை.

போகிறவர், மரியாதைக்காக, கதவுக்குப் பக்கத்தில் மூலையில் நின்ற அம்மாவைப் பார்த்து, நீங்கள் எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அம்மாவுக்கு விளங்காது என்று தெரிந்து என்னைப் பார்த்தார். நான் அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா முதலில் மாமாவைப் பார்த்தார். பிறகு, "இவர் வேலைக் கரைச்சல் பாக்கிறவர்தானே? கேள் பிள்ளை" என்றார்.

கேட்டேன். ஓம், நீ பிறப்பதற்கு முன்பிருந்தே என்றார் அவர்.

"அப்ப சொல்லு. பனி கொட்ட முந்தியிருந்து காத்துக்கொண்டிருக்கிறன் எண்டு."

நான் சொன்னேன். அவர் எனக்கு மொழி பிழைத்துவிட்டது என்று நினைத்து, இன்றைக்கு எவ்வளவு நேரம் என்று திருத்திக் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. வகுப்பில் டொச்சில் என்னை யாரும் திருத்துவதில்லை. அம்மா பனி கொட்ட முதலில் இருந்துதான் என்று சொல்கிறார் என்று மறுபடியும் சொன்னேன். அம்மா சால்வைக்குள் இருந்து கையை எடுத்து, துணியை அவிழ்த்தார்.

பிறகு அம்மா ஒவ்வொரு வசனமாகச் சொல்ல நான் ஒவ்வொரு வசனமாக மாற்றினேன். வேலை கெதியாக ஓடவேண்டும் என்பதற்காக இயந்திரத்தின் காப்புத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். விரிப்போடு விரல்களும் உள்ளே போயின. மேற்பார்வையாளர் தன் காரிலேயே அம்மாவை வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். வீட்டில் நடந்தது என்று சொல், இல்லையென்றால் வேலையும் போகும், பெர்மிற்றும் போகும் என்றார். இரண்டு விரல்களும் இப்போது மடங்குவதில்லை. எனக்குச் சூட்டு இயந்திரத்துக்கு டொச்சில் என்ன சொல் என்று தெரியவில்லை. பெரிய ஸ்திரிக்கைப் பெட்டி என்று சொன்னேன். அவருக்கு விளங்கியது.

அப்பா யன்னலடிக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பஸ் வருகிறதா என்று பார்க்கிறார் என நினைத்தேன்.

மீசைக்காரர் மேல்கோட்டைக் கழற்றி வைத்து, அம்மாவை இருக்கச் சொல்லிவிட்டு, ஒரு மடக்குக் கதிரையை இழுத்து அம்மாவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். அந்தக் கையைத் தொடாமல் நெடுநேரம் பார்த்தார். முதலில் டாக்டர், மற்றதெல்லாம் பிறகு என்றார். அப்போது சமையல்காரர் மெல்ல முன்னுக்கு வந்து, தன்னுடைய வீட்டுக்காரன் சுவரில் பூஞ்சணம் பிடித்ததற்குத் தன் சமையல்தான் காரணம் என்கிறான், அதையும் லோயரிடம் கேட்கலாமோ என்று மாமாவிடம் கேட்டார். தள்ளுவண்டி அன்ரிக்குப் பிள்ளை பிறந்ததும் வேலை போயிருந்தது. இரவு வேலை அண்ணைமாருக்கும் ஏதோ இருந்தது. வழக்கு இல்லாதவர்கள் என்று நினைத்து மாமா கூட்டிக்கொண்டுவந்த அத்தனை பேரிடமும் ஒரு வழக்கு இருந்தது. அவர்களுக்கே அது வழக்கு என்று தெரிந்திருக்கவில்லை.

மாமா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக மொழிபெயர்க்க, லோயர் அம்மா ஆளுக்கு ஒரு நாளும் நேரமும் குறித்துக் கொடுத்தார். மீசைக்காரர் பக்கத்தில் நின்று, ஒருவருக்கும் மற்றவருக்கும் நடுவில் போதிய இடைவெளி விடும்படி சொல்லிக்கொண்டிருந்தார். அறை கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது. ஆட்களைத் திருப்பி அனுப்புவதை ஒருவர் அவ்வளவு திருப்தியாகப் பார்த்து நான் கண்டதில்லை.

கோடைக்கு முதல் அவர் வந்து சேர்ந்துவிட்டார். இனிமேல் அறையில் மடக்குக் கதிரை இருக்கக்கூடாது என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை என்று மாமா பின்னாளில் எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பார். மாமா அந்த மேசையில் ஓய்வு பெறும்வரை இருந்தார். அம்மாவின் விசயம் இழுபட்டு இழுபட்டு ஒருவழியாக முடிந்தது. சலவை வேலை உடனேயே போய்விட்டது. பெர்மிற்றுக்கு என்ன ஆகுமோ என்று ஒரு வருடம் முழுக்க வீட்டில் எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஒரு விரல் பாதி மடங்கும். மற்றது மடங்கவே இல்லை.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா முன்னுக்குத் தனியே இருந்தார். நானும் அம்மாவும் பின்னுக்கு இருந்தோம். நான் நல்லாகக் கதைத்தேன் என்று அம்மா சொல்வார் எனக் காத்திருந்தேன். அம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "அந்த மனுசன் இனி வருவார்தானே? தம்பிக்கு அந்தக் கந்தோர் இருக்கும், என்ன?" என்று கேட்டார்.

அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, உங்களுடைய கையைப் பற்றித்தான் சொன்னார் என்றேன். டாக்டரிடம் நாளைக்கே போகவேண்டும், வேலை இடத்துக்குத் தானே கடிதம் எழுதுவார், நீங்கள் பயப்பட வேண்டாம் என்று சொன்னார் என்றேன். அம்மா தலையாட்டினார். ஒரு தரிப்பிடம் கழிந்து, கோட்டைக் கழற்றிவிட்டு இருந்தாரே, அப்ப வருவார்தானே என்று மறுபடியும் கேட்டார்.

பாவம், அம்மாவுக்கு அந்த ஆள் சொன்ன டொச் ஒன்றும் விளங்கவில்லை என்று நினைத்தேன். அதனால் அம்மாவின் கையைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் முதலில் இருந்து, இன்னும் மெதுவாக, இன்னொரு தரம் சொல்லத் தொடங்கினேன்.