உருகிய எஃகில் ஒட்டிக்கொண்ட சந்தேகம்

உருகும் எஃகை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சம்பளம் வாங்கும் தொழிலில் கண்ணைவிட அதிகம் உழைப்பது சந்தேகம்தான். லேபில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதும் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். செம்பூரில் எங்கள் லேபில் கைக்கு அடக்கமான ஓர் உலை, அதன் தலைமேல் லேசர் மைக்ரோஸ்கோப். எஃகுத் துண்டை உருக்கி, மேலே மிதக்கும் அழுக்குத் துகள்களைத் திரையில் பார்ப்போம்.

பட்டாணித் துண்டு

முருகேசன் அண்ணாச்சி தாராவிக்காரர். கல்யாணுக்கு அப்பால் சொந்தமாக எஃகு உருக்குகிறார். பாண்டுப்பில் ஒரு பம்ப் கம்பெனி, எஃகு சுத்தம் என்று எங்கள் லேப் சொன்னால்தான் ஆர்டர் என்று சொல்லிவிட்டது. ஆர்டர் போனால் உலையை மூட வேண்டியதுதான் என்றார்.

அவர் கொண்டுவந்த கட்டியில் பட்டாணி அளவுக்குச் சில துண்டுகளை வெட்டிக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தேன். நல்ல பாகமாகப் பார்த்துக் கொண்டுவந்திருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம். அவருக்கோ வேறு சந்தேகம்.

"இந்தப் பட்டாணித் துண்டைப் பாத்தா என் உலையவே சொல்லிருவியளோ மேடம்?"

மூடிக்கொண்ட முகம்

முதல் தடவை எதுவுமே தெரியவில்லை. காற்று பட்டால் உருகிய எஃகின்மேல் பாலில் படிவதுபோல் ஆடை படர்ந்துவிடும். அதற்காகத்தான் உலைக்குள் ஆர்கான் வாயுவை நிரப்புகிறோம். அப்படியும் ஆடை படர்ந்ததென்றால் சிலிண்டரில் கலப்படம் என்று முடிவுகட்டி, டெம்போவில் கொண்டுவந்து போடும் செல்வத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் பதறவேயில்லை. சோப்புத் தண்ணீர் கேட்டு வாங்கி எங்கள் குழாய் மூட்டில் தடவினார். நுரை குமிழி குமிழியாகக் கிளம்பியது.

"சீல் உடைக்கிற வரைக்கும் என்னைக் கேளுங்க மேடம். உடைச்சப்புறம் உங்க பைப்பைக் கேளுங்க."

கூட்டம் சேரும் துகள்கள்

குழாய் மூட்டை இறுக்கிவிட்டு வேறொரு துண்டை உருக்கினேன். இப்போது துலக்கமாகத் தெரிந்தது, தெரியாமலே இருந்திருக்கலாம். எஃகிலுள்ள ஆக்சிஜனை எடுக்க அலுமினியம் போடுவார்கள். அதில் உண்டாகும் அலுமினாத் துகள்கள் ஒன்றையொன்று தேடிப்போய்க் கட்டியாகும். பிறகு கால்சியம் கம்பி விட்டால் அவை உருண்டையாகித் தனித்தனியே நிற்கும். திரையில் எல்லாம் கூட்டம் கூட்டமாக மொய்த்தன. கம்பியில் அண்ணாச்சி காசு மிச்சம் பிடித்துவிட்டார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. போனில் நேராகவே கேட்டுவிட்டேன். 

"கம்பிய நானே நின்னு விட்டுருக்கேன். பொய் சொல்லணும்னா உங்ககிட்ட எதுக்கு வாரேன் மேடம்?"

வெள்ளைப் பொடி

அந்தக் குரல் என்னை விடவில்லை. அழுக்கே இல்லாத இரும்பு ஒன்று, ஒப்புப் பார்க்க எங்களிடம் எப்போதும் இருக்கும். அதில் ஒரு துண்டைத் தேய்த்து வாங்கி உருக்கினேன். அதிலும் அதே கூட்டம்! வெளியாட்களை எல்லாம் சந்தேகப்பட்டு முடித்தாயிற்று, பாக்கி இருந்தது நாங்கள்தான்.

துண்டுகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கித் தருபவர் மாட்டுங்கா வெங்கட்ராமன். வைரப் பசை தீர்ந்துபோனதால் சில நாளாகக் கடைசித் தேய்ப்புக்கு வெள்ளைப் பொடியைப் போடுகிறாராம். அந்தப் பொடியே அலுமினாதான். நாங்களே அழுக்கைப் பூசி, நாங்களே கண்டுபிடித்து, ஒரு மனிதரைத் திருடனாக்கியிருந்தோம். வெங்கட்ராமன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நன்னா பளபளன்னு வந்துது. அதனால சந்தேகமே தோணலை."

தனித்தனியே

புதுப் பசையில் தேய்த்து, அலசி, மறுபடி உருக்கும்போது அண்ணாச்சியையும் வரவழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்தேன். நடந்ததை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். எஃகு உருகியது. திரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்ன உருண்டைகள், எதுவும் எதையும் சீண்டவில்லை. எஃகு சுத்தம், ஆர்டர் உங்களுக்குத்தான் என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இது நம்ம எஃகுதானா மேடம்? வேற யாருதும் மாறிப் போயிரலியே?"

தனக்கு நல்லதாக வந்த ரிப்போர்ட்டையே சந்தேகப்பட்ட அந்த ஒரு மனிதரைத்தான், இந்தத் தொழிலுக்கு வந்த நாள்முதல் நான் முழுசாக நம்பியிருக்கிறேன்.