மெர்சியின் சிவப்புத் தட்டு

மெர்சி என்றால் இரக்கம் என்று பங்குச் சாமியார் சொல்லித்தான் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தார்களாம். ஒரகடத்தில் அவள் வேலை பார்க்கும் ஸ்பீடோமீட்டர் கண்ணாடிக் கம்பெனியில் அந்த இரக்கத்தைக் கண்டவர் யாருமில்லை. லைனின் கடைசியில் உட்கார்ந்து, விளக்கடியில் ஒவ்வொரு கண்ணாடியாகத் தூக்கிப் பார்ப்பாள். நல்லதென்றால் பச்சைத் தட்டு. மயிரிழைக் கீறல் இருந்தாலும் சிவப்புத் தட்டு. போட்டதை எடுத்து மறுபடி பார்க்கிற வழக்கம் கிடையாது. இன்னொரு வாட்டி பாரேன் என்று சூப்பர்வைசர் எழிலரசி கெஞ்சிக் கெஞ்சி ஓய்ந்துபோனாள்.

வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க முடியவில்லை. கணவன் ஸ்டீவ் வாங்கி வரும் கத்தரிக்காய், அவன் தேய்க்கும் சட்டை, அவன் சொல்லும் ஜோக் எல்லாமே ரிஜெக்ட்தான். தன்னையே தூக்கிச் சிவப்புத் தட்டில் போட்டுக்கொண்டது ஸ்கூட்டி விஷயத்தில்.

ஸ்டீவ் அவளுக்கென்று ஆசையாக வாங்கிய வண்டி அது. முதல் நாள் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியவன், மூச்சு வாங்கவே கையை விட்டுவிட்டான். மெர்சி நேராகப் போய், தெருமுனையில் கோபால் டீக்கடை எதிரே சாக்கடைக்குள் இறங்கினாள். முட்டிக் காயம் சீக்கிரமே ஆறிவிட்டது. டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் எழுந்து வந்து, பிரேக் பிடிப்பது எப்படி என்று ஆளுக்கொரு பாடம் நடத்தினார்களே, அதுதான் ஆறவில்லை. "வண்டி நமக்கு ராசியில்ல" என்று ஜெபமாலை சொல்லும் அதே வாயால் அறிவித்தாள். தவக்காலத்தில் கோயிலில் புனிதர்களின் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவதுபோல, ஒரு பழைய ஊதாச் சேலையைப் போட்டு வண்டியை மூடினாள். ஈஸ்டர் வந்தது, சுரூபங்கள் வெளியே வந்தன, வண்டி மட்டும் வரவில்லை.

அப்போதுதான் கம்பெனியில் குண்டைத் தூக்கிப் போட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து வேன் சேரப்பணஞ்சேரிக்குள் வராதாம், மெயின் ரோட்டுக்குப் போய்த்தான் ஏற வேண்டுமாம். முதல் ஷிப்டுக்கு விடியும் முன்பே கிளம்பியாக வேண்டும். அந்நேரத்தில் ஷேர் ஆட்டோ கிடையாது. ஸ்டீவோ சுங்குவார்சத்திரத்தில் நைட் ஷிப்ட். இருட்டில் தெருநாய்களோடு அவ்வளவு தூரம் நடப்பது ஆகிற காரியமில்லை. வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள் மெர்சி. ஒரு டீ ஆறுவதற்குள் எடுத்த முடிவு. ஸ்டீவுக்கு மனசு கேட்கவில்லை. அந்த விளக்கடி நாற்காலியில்தான் அவள் யாருக்கும் பயப்படாமல் உட்கார்ந்திருந்தாள் என்பது அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனாலும் வண்டியை மூடிய சேலையின்மேல் கை வைக்கவில்லை.

எட்டாவது படிக்கும் மகள் பெனிஷா அந்த வண்டிக்கு வேறொரு உபயோகம் கண்டுபிடித்திருந்தாள். பள்ளியில் அவளை ஹை ஜம்புக்கு எடுத்திருந்தார்கள். கயிற்றின் ஒரு முனையைக் கொய்யா மரத்திலும் மறுமுனையை ஸ்கூட்டி ஹேண்டில்பாரிலும் கட்டி, பக்கத்து வீட்டுக்காரர் கொட்டிவைத்த எம்-சாண்ட் குவியலில் தினமும் சாயங்காலம் போய் விழுவாள். அடுக்களை ஜன்னலில் நின்று மெர்சி பரிசோதனை செய்வாள். இடுப்பு இடித்தது, ரிஜெக்ட். குதிகால் இடித்தது, ரிஜெக்ட். அப்பன் மாதிரியே குள்ளம், இதில் ஹை ஜம்ப் ஒரு கேடா? "உனக்கு ஒத்துவராது, வுட்டுடு" என்பாள். தலை நிறைய மணலோடு "சரிமா" என்று சொல்லிவிட்டு, பெண் மறுபடி ஓடிவருவாள்.

வெள்ளிக்கிழமை வட்டாரப் போட்டி. தோற்றுப்போய் அழும் பிள்ளையைத் தேற்ற ஆள் வேண்டுமே என்று மெர்சி லீவு போட்டாள். குளுக்கோஸும் கர்சீப்பும் எடுத்துக்கொண்டாள். நாலு ஆறுதல் வார்த்தையைப் பஸ்ஸிலேயே தயார் செய்துகொண்டாள்.

முதல் உயரத்திலேயே பெனிஷா கம்பைத் தட்டிவிட்டாள். பி.டி. டீச்சர் சிவப்புக் கொடியைத் தூக்கினார். மெர்சி பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அவளைப் பொறுத்தவரை கதை முடிந்தது. ஆனால் மறுபடி பெனிஷாவைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் சிவப்பு. மூன்றாவது தடவையும் கூப்பிட்டபோது, இது என்ன அநியாயம் என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் கேட்டாள் மெர்சி. ஒவ்வொரு உயரத்துக்கும் மூணு சான்ஸ், அதுதான் ரூல் என்றாள் அந்தப் பெண். இப்படி ஒரு ரூல் கம்பெனியில் இருந்தால் உருப்பட்ட மாதிரிதான் என்று மெர்சி நினைத்து முடிப்பதற்குள் பெனிஷா தாண்டியிருந்தாள். கம்பு ஆடியது, விழவில்லை. வெள்ளைக் கொடி.

அடுத்த உயரத்தில் மூன்றும் சிவப்பு. போட்டியில் பெனிஷாதான் கடைசி. முழங்கையெல்லாம் சிராய்ப்போடு, சிரித்துக்கொண்டே வந்தாள். தயார் செய்த ஆறுதலை எங்கே வைப்பது என்று மெர்சிக்குத் தெரியவில்லை. அழுகை வரவில்லையா என்று கேட்டாள்.

"இன்னாத்துக்குமா அழணும்? மூணு சான்ஸ் குடுத்தாங்க, மூணையும் குதிச்சிட்டேன். நீதான் ஸ்கூட்டில ஒண்ணோட வூட்டுக்கு வந்துட்ட."

மெர்சிக்குச் சுருக்கென்றது. கோபம் கோபமாக வந்தது. பிள்ளைமேல்தான் என்று பஸ் படப்பை வரும் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தாள். ஊர் வந்து இறங்கும்போது, அது தன்மேல்தான் என்று தெரிந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் ஊதாச் சேலை கீழே இறங்கியது. அதே ஸ்டீவ் பின்னால் ஓடினான். அதே தெருமுனை, அதே சாக்கடை. மெர்சி இந்தத் தடவையும் அதே இடத்தில் போய் இறங்கினாள். கோபால் வடைக் கரண்டியும் கையுமாக ஓடிவந்து பிரேக்கைப் பற்றி ஆரம்பித்தார். மதில்மேல் உட்கார்ந்திருந்த பெனிஷா தன் சிவப்புத் துப்பட்டாவை உயரத் தூக்கினாள்.

"ரெண்டாவதும் போச்சு. இன்னும் ஒண்ணு கீதுமா."

டீக்கடையே சிரித்தது. சேறும் சகதியுமாக மெர்சியும் சிரித்துவிட்டாள். வண்டியைத் தூக்கி நிறுத்தி மறுபடி ஏறினாள். இந்த முறை முனையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள். ஆட்டுவதற்கு வெள்ளைத் துணி இல்லாமல், பெனிஷா கோபாலின் தோளில் கிடந்த துண்டை உருவி ஆட்டினாள். அது வெள்ளையாக இருந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை இருட்டில் மெர்சி மெயின் ரோட்டுக்கு வந்து, பெட்டிக்கடை ஓரமாக வண்டியை நிறுத்திப் பூட்டினாள். நாய்கள் பாதி வழி துரத்தின, அவ்வளவுதான். வேன் வந்தது. டிரைவர் அப்பாவு தலையை வெளியே நீட்டினார்.

"யாரும் சொல்லலியாமா? எல்லாரும் கம்ப்ளைன்ட் பண்ணாங்கனு, நாளையிலேர்ந்து பழையபடி ஊருக்குள்ளயே வண்டி வருது. வூட்டாண்டயே ஏறிக்கலாம்."

மெர்சி ஸ்கூட்டியைத் திரும்பிப் பார்த்தாள். முட்டியில் பிளாஸ்திரி இழுத்தது. சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"நான் இங்கயே ஏறிக்கிறேண்ணா. ஊருக்குள்ள வர்ற வேன் நமக்கு ராசியில்ல."